வேடர்கள் புகைபோட்டுக் கொன்றது யாரை?

ஜவ்வாது மலையில் கீழ்சேப்பிளி பக்கம் போயிருப்பவர்களுக்கு நான் சொல்வது தெரிந்திருக்கும். ஆளுயரக் கற்பலகைகளைச் சுற்றி நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையைப் போட்டு மூடி, ஒரு பக்கம் மட்டும் ஓட்டை விட்டிருப்பார்கள். உள்ளே குந்தித்தான் உட்கார முடியும். மலை ஜனங்களைக் கேட்டால் குள்ளர் வீடு என்பார்கள், வாலியர் வீடு என்பார்கள். வேறு சில ஊர்களில் அதுவே பாண்டவர் வீடு ஆகிவிடும். கர்நாடகத்தில் ஹிரேபெணகல் என்ற இடத்தில் இதே மாதிரி நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அங்கே அந்தக் குன்றுக்கே மோரியர் குட்டா என்று பெயர். மோரியர் என்றால் அங்கேயும் குள்ளர்கள்தான்.

தொல்லியல்காரர்கள் இவற்றைப் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்கிறார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியவை. அந்தக் காலத்துப் புதைகுழிகளில் கிடைத்த எலும்புகள் நம்மைப் போன்ற உயரமுள்ள ஆட்களுடையவை. வாசல் சின்னதாக இருக்கிறது, அதனால் குடியிருந்தவன் குள்ளன் என்று பிற்காலத்தவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். கோழிக் கூண்டை மட்டும் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்காரன் உயரத்தைச் சொல்வது போலத்தான்.

இதை நான் வேலூர் கோட்டை மைதானத்தில் காலை நடையின்போது ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆம்பூரில் டேனரியில் நாற்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "குள்ளன் இல்லன்னா போவட்டும் சார். குரங்கா இருந்திருக்கலாம் இல்ல? நம்ம கண்ணுல படாத ஏதோ ஒரு ஜாதிக் குரங்கு, ரெண்டு கால்ல நடக்குறது?" என்றார். எட்டி என்ற பனி மனிதனைப் பற்றி டிவியில் பார்த்திருக்கிறாராம்.

ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கற்பலகையைத் தூக்கி நிறுத்தியது மனிதர்கள். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. அங்கே படித்த விஞ்ஞானிகளே இந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். இலங்கையின் தென்கிழக்கு மூலை அது.

நம் வள்ளிமலைக்கும் அந்த மூலைக்கும் ஒரு பந்தம் உண்டு. வள்ளி பிறந்து தினைப்புனம் காத்தது காட்பாடியை அடுத்த வள்ளிமலையில்தான் என்று நாம் சொல்கிறோம். கதிர்காமத்துக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே வள்ளி ஒரு வேடர் குலத்துப் பெண், முருகன் அவளைத் தேடிக் கடல் கடந்து வந்தான் என்பது அவர்கள் கதை. யாழ்ப்பாணத்திலிருந்து வருஷா வருஷம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கிழக்குக் கரையோரமாக இறங்கி, பொத்துவில், பாணமை, உகந்தைமலை முருகன் கோயில், குமண, யால என்று காட்டுக்குள் நடப்பார்கள். இந்தப் பொத்துவிலுக்கும் யாலவுக்கும் நடுவில் உள்ள பாறையும் முள்காடுமான பிரதேசத்துக்கு லேனம என்று ஒரு பழைய பெயர் இருந்தது. லேன என்றால் சிங்களத்தில் குகை. அங்கே இருந்த வேடர்கள் லேனம வேடர்கள். நான் சொல்லப்போவது அவர்கள் சொன்ன கதை.

அந்தக் காட்டில் நிட்டாவோ என்று ஒரு கூட்டம் இருந்ததாம். உயரம் மூன்று அடி. பெண்கள் அதற்கும் குறைவு. வால் கிடையாது, நிமிர்ந்து நடக்கும். உடம்பில் செம்பட்டை மயிர். கை குட்டை, ஆனால் பலம் உண்டு, விரல் நகம் நீண்டு வளைந்திருக்கும். பத்து இருபதாகச் சேர்ந்து குகையிலும் மரத்திலும் இருக்கும். முயல், அணில், ஆமை என்று கிடைத்ததைத் தின்னும். தூங்குகிற வேடனின் வயிற்றை நகத்தால் கிழித்துவிடும். அதனால் வேடர்களுக்கும் அவற்றுக்கும் தீராத பகை. கடைசியில் மிச்சமிருந்த நிட்டாவோக்களை எல்லாம் ஒரு குகைக்குள் விரட்டி, வாசலில் விறகையும் சுள்ளியையும் அடைத்து நெருப்பு வைத்து, மூன்று நாள் புகைபோட்டு மூச்சு முட்டச் செய்து கொன்றுவிட்டார்கள். தலைமுறைக் கணக்குப் பார்த்தால் இது சுமார் 1800ஆம் வருஷத்தை ஒட்டி நடந்திருக்க வேண்டும்.

இதை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் ஹியூ நெவில். இலங்கை சிவில் சர்வீஸ் அதிகாரி. ஃபைல் பார்க்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஓலைச்சுவடி சேர்த்தவர். அவர் சேர்த்த 2,000க்கும் மேற்பட்ட சுவடிகள் லண்டனில் இருக்கின்றன. தப்ரோபேனியன் என்று சொந்தமாக ஒரு பத்திரிகை நடத்தி, அதில் 1886இல் இந்தக் கதையைப் போட்டார். அவருக்குச் சொன்னது ஒரு சிங்கள வேட்டைக்காரர். அந்த வேட்டைக்காரருக்குச் சொன்னது ஒரு கிழட்டு லேனம வேடர். அந்த வேடருக்குச் சொன்னது அவருடைய பெரியவர்கள்.

ரெவின்யூ இலாகாவில் 34 வருஷம் இருந்தவன் நான். இப்படி ஒரு சங்கிலியைப் பார்த்ததும் கை தானாகச் சிவப்பு மையைத் தேடும். மூலப் பத்திரம் இல்லை, நகலின் நகல்தான் இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனாலும் நெவிலோடு இது முடியவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, வன இலாகாவில் இருந்த ஃபிரெடரிக் லூயிஸ் கிழக்கு ஊவாவிலும் பாணமைப் பற்றிலும் சுற்றிவிட்டு, தானும் அதே கதையைக் கேட்டதாக 1914இல் எழுதினார். பாணமைக் காட்டில் இருந்தவர்கள் நெவிலின் இங்கிலீஷ் பத்திரிகையைப் படித்துவிட்டு லூயிஸிடம் ஒப்பித்திருக்க முடியாது. ஆகவே கதை வெள்ளைக்காரர் கட்டியது அல்ல, அந்த மண்ணில் உண்மையாகவே புழங்கியது. அந்த அளவுக்கு நான் கையெழுத்துப் போடுவேன். கதை சொல்கிற சங்கதி நடந்ததா என்பது வேறு விஷயம்.

எனக்கு இது தெரிந்தது ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தின் வழியாக. நான் பள்ளிக்கூடம் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். தாய்மாமன் ஒருவர் சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் அலமாரியில் பெர்னார் ஹூவெல்மான்ஸ் எழுதிய இரண்டு தடிப் புத்தகங்கள் இருந்தன. 1955இல் பாரிஸில் வந்தவை. சுயூர் லா பீஸ்த் தே பேத் இஞ்ஞோரே என்று தலைப்பு. அறியப்படாத விலங்குகளின் தடத்திலே என்று சொல்லலாம். பிற்பாடு அம்மாவின் ஊரான குடியாத்தத்துக்கு வந்து, சர்வீஸ் கமிஷன் எழுதி, வட ஆற்காடு ஜில்லாவில் குமாஸ்தா ஆனபோது, என் பிரெஞ்சுக்கு ஒரு உபயோகமும் இல்லாமல் போயிற்று. பேச ஆள் கிடையாது. இந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துத்தான் அந்த பாஷை மறக்காமல் இருந்தது.

ஹூவெல்மான்ஸ் முறையாக விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எட்டி முதல் கடல் பாம்பு வரை எல்லாக் கதைக்கும் பின்னால் ஏதாவது ஒரு நிஜ விலங்கு இருக்கும் என்று நம்பியவர். அவர் நிட்டாவோவுக்குப் பல பக்கம் ஒதுக்கினார். அதற்குக் காரணம் அவருக்கு முன்னால் ஆஸ்மன் ஹில் எழுதியிருந்ததுதான். இந்த ஹில் லேசுப்பட்டவர் அல்ல. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பேராசிரியராக இருந்தவர். பின்னாளில் குரங்கினங்களின் உடற்கூறு பற்றி எட்டுப் பெரிய தொகுதிகள் எழுதினார், இன்றைக்கும் அந்தத் துறையில் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். அவர் 1945இல் இலங்கையின் லோரிஸ் பத்திரிகையில், நிட்டாவோவைத் தீர்க்கப்படாத ஒரு பிரச்சினை என்று சொல்லிக் கட்டுரை எழுதினார். ஜாவா தீவில் 1891இல் துபுவா தோண்டியெடுத்த பித்தெகாந்த்ரோபஸ் இருக்கிறதே, அந்த வகையில் தீவில் ஒதுங்கிக் குள்ளமாகிப்போன ஒரு கிளையாக இருக்குமோ என்பது அவர் யோசனை. தீவில் அடைபட்ட மிருகம் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப்போவது உண்டு. யானையே அப்படிக் குட்டையாகிப்போன தீவுகள் இருந்திருக்கின்றன.

இந்த யோசனையை ரொம்ப நாள் யாரும் மதிக்கவில்லை. 2003இல் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில், லியாங் புவா என்ற குகையில், ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. முழுதாக வளர்ந்த பெண், உயரம் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மூளை ஆரஞ்சுப் பழம் அளவு. கல் ஆயுதமும் கூடவே கிடந்தது. நம் இனம் அல்லாத ஒரு குள்ள மனித இனம் என்று மறுவருஷம் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதே தீவின் நடுப்பகுதியில் நாகே என்ற ஜனங்கள், எபு கோகோ என்ற குட்டையான மயிரடர்ந்த ஆட்களைப் பற்றிக் கதை சொல்வது வழக்கம். கிடைத்ததையெல்லாம் தின்னும், வயலில் திருடும், தங்களுக்குள் முணுமுணுவென்று பேசிக்கொள்ளும். கடைசியில் ஊர்க்காரர்கள் குகைக்குள் பனை நாரைப் போட்டு நெருப்பு வைத்து எபு கோகோவைத் தீர்த்துக்கட்டினார்களாம்.

படித்தபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. லேனமவில் கேட்ட அதே முடிவு! இலங்கைக்கும் ஃபுளோரஸுக்கும் நடுவில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் இருக்கிறது.

அந்த வேகத்தில் ஆஸ்மன் ஹில் சொன்னது சரி என்று கட்சி கட்டிவிடலாம். நானும் கொஞ்ச நாள் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். பிறகு ஃபுளோரஸ் எலும்புகளின் வயதை 2016இல் திருத்தினார்கள். முதலில் 18,000 வருஷம் என்றது தப்பு, 60,000 வருஷத்துக்கும் முந்தியவை என்றாயிற்று. ஒரு சம்பவம் ஐம்பதாயிரம் வருஷம் வாய்மொழியாகவே வந்து சேருமா? எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா பெயரே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு இடத்திலும் ஒரே முடிவு இருப்பதற்கு, இரண்டு இடத்திலும் குகை இருந்தது, எதிரியைக் குகைக்குள் வைத்துப் புகைபோடுவது வேட்டைக்காரனுக்கு எங்கேயும் தெரிந்த வழி என்பதே போதுமான காரணம். முள்ளம்பன்றியையும் உடும்பையும் வளையில் புகைபோட்டுப் பிடிக்கிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டே.

சரி, இன்னும் கண்டுபிடிக்காத குரங்கு என்று ஒன்று இருக்கவே முடியாதா? தாராளமாக இருக்கலாம். நம் நாட்டிலேயே நடந்தது. அருணாசலப் பிரதேசத்தில் தவாங், மேற்கு காமெங் மலைகளில் இந்திய ஆராய்ச்சியாளர்கள் ஒரு புதுக் குரங்கைப் பார்த்து 2005இல் உலகத்துக்குச் சொன்னார்கள். மக்காக்கா முன்சாலா என்று பெயர் வைத்தார்கள். முன்சாலா என்பது அந்த ஊர் மோன்பா ஜனங்களின் சொல், காட்டுக் குரங்கு என்று பொருள். ஆளில்லாக் குரங்கு எதற்கு, மனிதக் குரங்கே சிக்கியிருக்கிறது. சுமத்ராவில் தபானுலி என்ற பகுதியில் இருக்கும் ஒராங்குட்டான் தனி இனம் என்று 2017இல் அறிவித்தார்கள். மொத்தமே 800க்குள்தான் இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்சாலாவைப் பற்றி மோன்பாக்காரர்களிடம் புராணம் எதுவும் இல்லை. பயிரை நாசம் பண்ணுகிறது, விரட்டுகிறோம் என்றார்கள், அவ்வளவுதான். புத்தகத் தலைப்பில் வந்த இஞ்ஞோரே என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இங்கிலீஷ் இக்னோர் மாதிரி, பார்த்தும் பார்க்காதது போல இருப்பது என்று இதற்குப் பொருள் இல்லை. தெரியாதது என்று பொருள். யாருக்குத் தெரியாதது? பாரிஸுக்கும் டெல்லிக்கும்தான். மலைக்காரனுக்கு அது பக்கத்து வீட்டுத் தொல்லை. புதிதாகக் கண்டுபிடித்த குரங்குகளைப் பற்றியெல்லாம் உள்ளூரில் இப்படிச் சாதாரணமாகத்தான் பேசியிருக்கிறார்கள். நிட்டாவோ கதையில் பகை இருக்கிறது, போர் இருக்கிறது, கடைசி நாள் இருக்கிறது. பயிர் தின்ற குரங்கைப் பற்றி யாரும் இப்படிச் சொல்வதில்லை.

அடுத்தது எலும்பு. இலங்கையில் இன்று உள்ள குரங்கு வகைகள் செங்குரங்கு, இரண்டு விதமான லங்கூர், தேவாங்கு. மனிதக் குரங்கு என்று எதுவும் கிடையாது. இந்தியாவிலேயே வடகிழக்கில் உள்ள ஹூலக் கிப்பன்தான் ஒரே மனிதக் குரங்கு. சரி, முன்னே இருந்து அழிந்திருக்கலாமே என்றால், அழிந்த மிருகங்களின் எலும்பு இலங்கையில் கிடைக்காமல் இல்லை. ரத்தினபுரியில் மாணிக்கக் கல்லுக்குத் தோண்டுகிற குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் வந்திருக்கின்றன. மனிதக் குரங்கு வரவில்லை.

குகைகளையும் தோண்டியிருக்கிறார்கள். பாஹியங்கல, பட்டதொம்பலேன, கித்துல்கல பெலிலேன என்று வரிசையாக. தெரணியகல குடும்பத்தில் அப்பாவும் மகனுமாக இரண்டு தலைமுறை இதில் உழைத்தது. கிடைத்த எலும்பெல்லாம் நம் இனத்து மனிதர்கள். பலாங்கொடை மனிதன் என்று பெயர் வைத்தார்கள். ஆண்கள் ஏறத்தாழ 174 சென்டிமீட்டர் உயரம். என்னைவிட உயரம்! பாஹியங்கல குகையில் 45,000 வருஷத்துக்கு முந்தியே குரங்கும் அணிலும்தான் அவர்களுக்கு முக்கிய உணவு என்று 2019இல் நிறுவினார்கள். தின்று போட்ட குரங்கு எலும்பைத் தீட்டி முனை செய்திருக்கிறார்கள். இத்தனை கச்சிதமாகக் குரங்கு வேட்டையாடியவர்கள் இருந்த தீவில், மூன்றடி உயரத்தில், தரையில் கூட்டமாக நடக்கிற குரங்கு ஒன்று இருந்திருந்தால் அதன் எலும்பு ஒன்றாவது அந்தக் குப்பையில் சேர்ந்திருக்கும்.

கரடியைப் பார்த்துச் சொன்ன கதை என்பவர்களும் உண்டு. யால காட்டில் கரடி நிறைய. நீண்ட நகம், நிமிர்ந்து நிற்கும், ஆளைக் கிழிக்கும். பட்டணத்து ஆள் மிரண்டு ஓடி வந்து சொன்னால் நம்பலாம். தினமும் கரடியோடு காட்டில் குடித்தனம் பண்ணுகிற வேடனுக்குக் கரடி தெரியாதா? அந்த விளக்கம் வேடர்களை முட்டாளாக்குகிறது. எனக்கு ஒப்பவில்லை.

என் நண்பரிடம் இதையெல்லாம் ஒரு வாரமாகத் தவணை முறையில் சொன்னேன். எலும்பில் அவருக்கு அக்கறை இல்லை. "எட்டித் தோலு ஒண்ணு இருக்குன்னு காட்டினானே சார், அது?" என்றார். நேபாளத்தில் கும்ஜுங் மடத்தில் எட்டியின் மண்டைத் தோல் என்று ஒன்றைப் பூஜையில் வைத்திருந்தார்கள். கூம்பு மாதிரி உயர்ந்து, நடுவில் மயிர் சிலிர்த்து நிற்கும். 1960இல் எட்மண்ட் ஹில்லாரி அதை இரவல் வாங்கி சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று கொண்டுபோய்க் காட்டினார். எட்டி உண்டு என்று நம்பிய ஹூவெல்மான்ஸே அதன் மயிரை ஒப்பிட்டுப் பார்த்து, இது செரோ என்ற இமாலய மலையாட்டின் தோள்பட்டைத் தோல், ஈரத்தில் அச்சில் ஏற்றி இழுத்துச் செய்தது என்று சொல்லிவிட்டார். ஹில்லாரி குழு அதே மாதிரி இன்னொன்றைச் செய்தும் காட்டியது. நண்பர் தலையை ஆட்டிக்கொண்டார். "லாஸ்ட்ல ஏத்தி ஷூ அப்பர் இழுக்கிற மாதிரிதான். ஈரத்தோல் சொன்னபடி கேக்கும். தோலு பொய் சொல்லாது சார், அத வெச்சு மனுசன்தான் சொல்வான்." ஆட்டுத் தோலா செம்மறித் தோலா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லக்கூடியவர். (2017இல் எட்டியுடையது என்று பல இடங்களில் வைத்திருந்த எலும்பு, மயிர், தோல் ஒன்பதை மரபணுச் சோதனை செய்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய்.)

மார்க்கோ போலோ சொன்னது அவருக்கு இன்னும் பிடித்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுமத்ராவில் இருந்தபோது பார்த்ததை அவர் எழுதியிருக்கிறார். இந்தியாவில் பிடித்த குள்ள மனிதர்கள் என்று சொல்லி ஊருக்குக் கொண்டுவந்து காட்டுகிறார்களே, அது சுத்தப் பித்தலாட்டம். மனித முகச் சாயலுள்ள சின்னக் குரங்கைப் பிடித்து, மோவாயிலும் மார்பிலும் மட்டும் மயிரை விட்டுவிட்டு மீதியைப் பிடுங்கி, காயவைத்துப் பாடம் செய்து, குங்குமப்பூ முதலானதைப் பூசி விற்கிறார்கள் என்கிறார். நம் பக்கத்தில் சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று பாடம் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு புதுமையும் இல்லை.

குரங்கை மனிதன் என்று விற்ற இந்தக் கதை தலைகீழாகவும் நடந்திருக்கிறது. பெரிய பாவம் அங்கேதான். ஸ்விஸ் நாட்டு நிலவியல்காரர் ஃபிரான்ஸ்வா தெ லுவா, வெனிசுவேலா காட்டில் தான் சுட்ட ஒரு குரங்கைப் பெட்டிமேல் உட்காரவைத்து, மோவாய்க்குக் குச்சி முட்டுக்கொடுத்துப் போட்டோ எடுத்தார். வால் தெரியாது. அது ஒரு சிலந்திக் குரங்குதான் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1929இல் ஜார்ஜ் மோந்தாந்தோன் என்ற இனவியல்காரர், தென் அமெரிக்காவின் மனிதக் குரங்கு இது என்று லத்தீன் பெயர் சூட்டினார். ஒவ்வொரு மனித இனமும் வேறு வேறு என்று சாதிக்க நினைத்தவர் அவர். அவருக்கு அமெரிக்கக் கண்டத்துக்கும் ஒரு மனிதக் குரங்கு தேவைப்பட்டது. அதே மனிதர் யுத்த காலத்தில் விஷி அரசாங்கத்துக்காக ஆட்களின் மூக்கையும் காதையும் பார்த்து, இவன் யூதன், இவன் இல்லை என்று சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே 1906இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் காங்கோ நாட்டுக் குள்ளர் இனத்து இளைஞர் ஓட்டா பெங்காவைக் குரங்குக் கூண்டில் ஒராங்குட்டானோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தார்கள். இலங்கை வேடர்களையே ஸ்விஸ் நாட்டு சாரசின் குடும்பத்து உறவினர்கள் இருவர் அளவெடுத்துவிட்டு, மனித ஏணியின் கீழ்ப்படியில் வைத்து எழுதினார்கள். அந்த வேடர்கள் தங்களுக்குக் கீழே ஒருவரைக் காட்டினார்கள். அவர்கள்தான் நிட்டாவோ.

நெவில் கேட்ட கதையில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. விஞ்ஞானிகள் உயரத்தையும் நகத்தையும் பார்த்த அளவுக்கு இதைப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். நிட்டாவோக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், பறவை கீச்சிடுவது போல இருக்கும், அது சில வேடர்களுக்குப் புரியும் என்று வருகிறது.

புரியும் என்று சொன்னபிறகு அதைக் குரங்கு என்று எப்படி எழுதுவது? பாஷை தெரிந்த வேடர் ஒருவர் இருந்தார் என்றால், நிட்டாவோவோடு எப்போதோ யாரோ உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், பண்டமாற்று செய்திருக்கிறார்கள், பெண் கொடுத்துக்கூட எடுத்திருக்கலாம். பெயரையும் பாருங்கள். நிட்டாவோ என்பது நிஷாதர் என்ற சொல்லிலிருந்து திரிந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. ராமாயணத்தில் குகன் நிஷாதர் தலைவன். நகம் உள்ளவர் என்பது இன்னொரு விளக்கம். ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு வேர் தேடுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, இருந்தாலும் முதல் விளக்கம் மனிதரையே காட்டுகிறது. பறவைப் பேச்சு என்பதும் ஒரு பாஷை புரியாதவன் சொல்லும் வழக்கமான வசைதான். பாண்டிச்சேரியில் நாங்கள் பிரெஞ்சு பேசினால் பாட்டி "என்னடா குருவி மாதிரி" என்பாள்.

ஆகவே என் முடிவு இது. இலங்கையில் தெரியாத குரங்கு எதுவும் செத்துப்போகவில்லை. கதைக்கு அடியில் நிஜமாக ஏதாவது இருந்தால், அது தங்களைவிட ஏழையான, தங்களைவிடக் குட்டையான, இன்னும் உள்காட்டில் ஒதுங்கியிருந்த ஒரு சின்ன மனிதக் கூட்டத்தை லேனம வேடர்கள் தீர்த்துக்கட்டிய சம்பவம். காலம் போகப் போகக் கதை சொன்னவர்கள் அந்த மனிதர்களுக்கு மயிரை வளர்த்தார்கள், நகத்தை நீட்டினார்கள், உயரத்தைக் குறைத்தார்கள். குரங்கைக் கொன்றால் அது வேட்டை. இருபது முப்பது ஆண் பெண் குழந்தைகளைக் குகையில் அடைத்து மூன்று நாள் புகைபோட்டோம் என்று பேரனிடம் சொல்ல எந்தத் தாத்தாவுக்கு வாய் வரும்? ஆஸ்மன் ஹில்லும் ஹூவெல்மான்ஸும் நல்லெண்ணத்தோடுதான் ஒரு புதிய உயிரினத்தைத் தேடினார்கள். ஆனால் அந்தத் தேடலில், இது ஒரு கொலைக் கதை என்பது அடிக்குறிப்பாகப் போய்விட்டது.

லேனம வேடர்களும் இப்போது இல்லை. நெவில் காலத்திலேயே அவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். நோயும் பஞ்சமும் கொஞ்சம் பேரைத் தின்றது, மீதிப்பேர் சிங்களக் கிராமங்களிலும் தமிழ்க் கிராமங்களிலும் கலந்துபோனார்கள். கிழக்குக் கரையில் மட்டக்களப்புப் பக்கம் இன்றும் வேடர் வழியினர் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ்.

அந்தக் குகையைத் தேடி 1963இல் கேப்டன் ரம்புக்வெல்ல என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகு போர் வந்தது. குமண பக்கக் காடு 1985 முதல் 2003 வரை யாரும் போக முடியாமல் மூடிக் கிடந்தது. இப்போது அது பறவைகளுக்குப் பெயர்போன தேசியப் பூங்கா. பக்கத்தில் குடும்பிகல பாறைக் குகைகளில் பௌத்த பிக்குகள் தியானம் செய்கிறார்கள், ஆடி மாதத் திருவிழாவுக்குக் கதிர்காம யாத்ரீகர்கள் வேலும் கையுமாக அதன் வழியே நடக்கிறார்கள். இத்தனை பேர் ஒரே குகையில் செத்திருந்தால், எலும்பு மக்கினாலும் பல் மக்காது. துபுவாவுக்கு ஜாவாவில் மண்டையோட்டுக்கு முன்னால் கிடைத்தது ஒரு கடைவாய்ப் பல். ஜைகாண்டோபிதிகஸ் என்ற ராட்சசக் குரங்கை 1935இல் கண்டுபிடித்தது ஹாங்காங்கில் ஒரு சீன மருந்துக் கடையில், டிராகன் பல் என்று விற்ற ஒரு பல்லை வைத்து. மனிதனின் கடைவாய்ப் பல்லுக்கும் குரங்கின் கடைவாய்ப் பல்லுக்கும் வித்தியாசம் சொல்ல இன்றைக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் ஆள் இருக்கிறார்கள். பாணமைக்கும் யாலவுக்கும் நடுவில், கூரையில் புகைக்கரி படிந்த ஒரு குகையில், தரையிலிருந்து இரண்டு முழம் கீழே ஒரே ஒரு பல் கிடைத்தால் போதும்.